பூஜ்யத்திலிருந்து எண்ணும் மகளுக்கு

ஸலாம் சொல்லாமல் தொடங்கினால் உன் உம்மா இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள். அதனால் முதலில் அஸ்ஸலாமு அலைக்கும். இனி என் எரிச்சலைச் சொல்லுகிறேன். நீ கொச்சிக்குப் போய் இருபத்திரண்டு நாளாகிறது. அன்றிலிருந்து தினமும் உனக்குச் சேதி அனுப்புகிறேன். நீ திருப்பி அனுப்புவதெல்லாம் ஒரே ஓர் எழுத்து. சாப்பிட்டாயா என்றால் 'ம்'. தங்கும் இடம் வசதியா என்றால் 'ம்'. அங்கே மழை உண்டா என்றால் அதற்கும் 'ம்'. மழை பெய்கிறதா, பெய்யவில்லையா? அதை அந்த எழுத்திலிருந்து எந்த மனிதனால் கண்டுபிடிக்க முடியும்? உம்மாவிடம் மட்டும் அரை மணி நேரம் பேசுகிறாய். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'வாப்பா எப்படி இருக்காங்க' என்று ஒரு தடவைகூட நீ கேட்டதாக என் காதில் விழவில்லை.

அதோடு ஃப்ரிட்ஜ் மேல் நீ விட்டுப்போன அந்தச் சாமான். ஒரு சின்ன பேட்டரி, ஒரு முழக் கேபிள், உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை, ஃப்ரிட்ஜுக்குள் போகிற ஒரு சென்சார். பழகிப் பார்க்க வைத்தேன் என்றாய். நல்லது, பழகிவிட்டாய், போகும்போது கழற்றிவிட்டுப் போயிருக்கலாமே? உன் உம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கறிவேப்பிலையைத் தேடத் தொடங்கினால் அது கத்த ஆரம்பிக்கிறது. மேலப்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து என்ன, ஏது என்று கேட்டு ஆள் வந்துவிட்டது. முப்பது வருடமாக வயரோடு புரளுகிற எனக்கு அதன் வாயை மூடத் தெரியவில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினால், "பிள்ள வச்சுட்டுப் போனது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறாள் உன் உம்மா. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த வீட்டில் என் நிலைமை இப்போது இதுதான்.

எனக்குத் தெரிந்த வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடம் படகுகளுக்கு வயரிங் செய்தேன். திரும்பி வந்தபின் தூத்துக்குடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குச் செய்கிறேன். என் வேலையில் ஒரு சாமானுக்கு ஒரு வயர். விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, இஞ்சின் சூடு காட்டும் முள்ளுக்கு ஒன்று. எது கெட்டாலும் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் கோளாறு கிடைத்துவிடும். நீ எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து வந்து, அதெல்லாம் பழைய காலம், படகு நீளத்துக்கு ஒரே கேபிள், எல்லாச் சாமானும் அதில்தான் தொங்கும், அதன் வழியேதான் பேசும் என்றாய். எல்லாரும் ஒரே கேபிளில் பேசினால் யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குத்தான் நம்பர் என்றாய். பெட்டியிலிருந்து வரும்போது எல்லாச் சென்சாரும் பூஜ்யம் என்ற நம்பரோடுதான் வரும், இரண்டு பூஜ்யம் ஒரே கேபிளில் இருந்தால் திரையில் ஒரு நேரம் இது, ஒரு நேரம் அது என்று மாறிமாறி வரும், அதனால் ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, லேப்டாப் வழியாக நம்பரும் பெயரும் கொடுத்துப் பிறகுதான் அடுத்ததை மாட்ட வேண்டும் என்றாய். எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளையிடம் தொழில் கேட்டுக்கொள்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது சேவியர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். பத்து வருடமாக அவர் படகுக்கு நான்தான் கரண்டு வேலை. இஞ்சினில் ஒன்று, மீன் போடும் ஐஸ் பெட்டியில் ஒன்று, பேட்டரிப் பெட்டியில் ஒன்று, மூன்று இடத்துச் சூட்டையும் டிரைவர் தன் அறையில் இருந்தே பார்க்க வேண்டும் என்றார். "பாய், இது உமக்குப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். பழக்கம் எனக்கு அல்ல, உனக்குத்தான். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ குதித்தாய், நானும் படகுக்கு வாரேன் என்றாய். அண்ணாச்சி படகில் பொம்பளைப்பிள்ளை ஏறுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம், நீ இங்கிருந்தே செய்து கொடு, மாட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உன் முகம் சுருங்கியது. சரி வாப்பா என்றாய். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள், திரும்பவும் இதற்கு வருவேன்.

பத்தமடைப் பாயை விரித்து அதன்மேல் நீ கடை பரப்பிய நாட்களை நான் மறக்கவில்லை. கால் வைக்க இடமில்லை, மடிக்கணினி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், நடுவில் உன் சோற்றுத்தட்டு. ஒவ்வொரு சென்சாரையும் டம்ளர் வெந்நீரில் முக்கி, திரையில் சரியான பெயருக்கு நேரே சூடு ஏறுகிறதா என்று பார்த்தாய். பிறகு உன் உம்மா பீடி கட்டும் நூலை எடுத்து ஒவ்வொன்றின் கழுத்திலும் சுற்றினாய். சிவப்பு இஞ்சினுக்கு, வெள்ளை ஐஸுக்கு, பச்சை பேட்டரிக்கு. காகிதத்தில் எழுதினால் நனைந்துவிடும், நூல் நனைந்தாலும் நிறம் போகாது என்றாய். மூன்றையும் வரிசையாக ஒரு டிபன் டப்பாவில் வைத்தாய். நிறமும் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு. ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். நான் ஆட்டோவில் ஏறும்போது வாசலில் வந்து நின்று சொன்னாய்: "அங்கன மாட்டுன பெறவு ஒவ்வொண்ணுலயும் இந்த வெந்நிய ஊத்திப் பாத்துக்கிடுங்க வாப்பா." ஆட்டோச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு உன்னிடம் சொன்னேன் அல்லவா? கேட்டது. நன்றாகவே கேட்டது.

பஸ்ஸில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பீடி நூல். துறைமுகத்தில் பத்துப் பேர் கூடி நிற்கும் இடத்தில், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானின் கழுத்தில் பீடி நூலோடு போய் நின்றால் சிரிக்கமாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது. பாய் வீட்டில் பீடி சுற்றுகிற இடத்தில் செய்த வேலை என்று சொல்லமாட்டார்களா? வாகைக்குளம் தாண்டும்போது பையிலிருந்த பிளேடால் மூன்று நூலையும் அறுத்து ஜன்னல் வழியே விட்டேன். அறுத்த இடத்தில் டேப் ஒட்டி, டப்பாவில் கிடந்த வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று பேனாவால் எழுதினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

படகில் ஏறிய பிறகு உன் சீட்டைப் பிரித்தேன். பூஜ்யம் இஞ்சின், ஒன்று ஐஸ் பெட்டி, இரண்டு பேட்டரி என்று இருந்தது. நிறமும் எழுதியிருந்தாய், அதுதான் காற்றோடு போய்விட்டதே. ஒன்று என்று டேப் ஒட்டியதை ஐஸ் பெட்டியில் மாட்டினேன். இரண்டு என்பதைப் பேட்டரிப் பெட்டியில் மாட்டினேன். கையில் மூன்று மிஞ்சியது, சீட்டில் பூஜ்யம் மிஞ்சியது. எந்த ஊரில் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள்? கழுதை, அவசரத்தில் தப்பாக எழுதியிருக்கிறது என்று நினைத்து, மிஞ்சியதை மிஞ்சிய இடத்தில், அதாவது இஞ்சினில், மாட்டிவிட்டேன். உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. ஆக மூன்றும் இடம் மாறின. இஞ்சினில் இருந்தது தன் பெயர் பேட்டரி என்றது, பேட்டரியில் இருந்தது தன்னை ஐஸ் பெட்டி என்றது, ஐஸுக்குள் இருந்தது நான்தான் இஞ்சின் என்றது. அன்றைக்குப் படகில் ஐஸ் கிடையாது, இஞ்சின் ஓடவில்லை. திரையில் மூன்றும் முப்பத்திரண்டு டிகிரி என்று ஒரே மாதிரி காட்டின, எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஃபிளாஸ்க் ஞாபகம் வந்தது. அந்த வெந்நீரில் தேயிலைப் பொட்டலத்தைப் போட்டு நானும் டிரைவர் ரொசாரியும் சாயா குடித்தோம்.

தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போனார்கள். போன மூன்றாவது மணி நேரத்தில் ஐஸ் பெட்டி சூடு என்று மணி அடித்திருக்கிறது. ரொசாரி திறந்து பார்த்தால் ஐஸ் ஐஸாகவே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பேட்டரி கொதிக்கிறது என்று மணி. தொட்டுப் பார்த்தால் பேட்டரி சும்மா இருக்கிறது. இஞ்சின் மட்டும் நாலு டிகிரி என்று காட்டியிருக்கிறது. இந்த மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மணியின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. படகின் அடியில் குளிர்தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு அடைத்து இஞ்சின் வெந்துகொண்டிருந்ததை அந்தச் சென்சார் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது, பேட்டரியின் பெயரில். புகை வந்த பிறகுதான் பலகையைத் தூக்கி இஞ்சினின் தண்ணீர் மூடியைத் திருகியிருக்கிறான். ஆவி அடித்து வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. இஞ்சின் இறுகிப்போய், இன்னொரு படகு வந்து கட்டி இழுத்துவந்தது.

அண்ணாச்சி போன் செய்தபோது நான் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். நீ அதே பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். என்ன பாய் இது, ஆள் செத்திருப்பானே என்று அவர் கத்தினார். வாயில் வந்ததைச் சொன்னேன். "பிள்ள செட்டிங்ல தப்பு பண்ணிட்டா போல அண்ணாச்சி. சின்னப்பிள்ளதான, மன்னிச்சுக்கிடுங்க." அவர் அடங்கிவிட்டார். போனை வைத்தேன். நீ அழவில்லை, கோபப்படவும் இல்லை. மறுநாள் நான் கழற்றிக்கொண்டுவந்த மூன்று சென்சாரையும் கையில் எடுத்துப் பார்த்தாய். அந்த டேப்பை நகத்தால் சுரண்டினாய்.

"நூலு எங்க வாப்பா?" என்றாய்.

அவிழ்ந்து விழுந்திருக்கும் என்றேன். நீ அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். உன் உம்மா மாதிரி ரெண்டு பாத்திரத்தையாவது உருட்டியிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்து இருந்தே ஆளைக் கொல்லுகிற இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி கத்தியபோது நான் சொன்னது பயத்தில் வந்தது. ஆனால் மறுநாள் படகில் இஞ்சினிலிருந்து அந்தச் சென்சாரைக் கழற்றி, மூன்று என்ற என் கையெழுத்தைப் பார்த்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பயம் என்று பெயர் வைக்க முடியாது, அது அயோக்கியத்தனம்தான். பாய் மகள் வைத்த மிஷின் ஆளை வேகவைத்துவிட்டது என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. அந்தப் பிள்ளையையே எங்கள் படகுக்கும் செய்து தரச் சொல்லுங்கள் என்று கேட்டுவைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். நீ கொச்சியில் படகு கட்டும் தளத்துக்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டாய்.

இது முதல் தடவையும் அல்ல. உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்தது நினைவிருக்கிறதா? அடிக்கடி பீஸ் போகிறது என்று நான்தான் பீஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் செய்யாதே என்று சொல்லுகிற வேலையை என் வீட்டில் செய்தேன். மோட்டார் எரிந்ததும் தெருவில் கேட்டவர்களிடம், பிள்ளை சுவிட்சைப் போட்டுப் போட்டு விளையாடிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ ஸ்கூல் பையோடு வாசலில் நின்றிருந்தாய். உள்ளே வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பியை என் மேஜை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாய். அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். என் தப்புக்கெல்லாம் உன் பெயர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை தூத்துக்குடி போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. காலையில் ஃப்ரிட்ஜ் கத்தியது. உன் உம்மா கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போயிருந்தாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன், கதவு உண்மையிலேயே திறந்திருந்தது. அந்தச் சாமான் இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்திவிட்டு, உன் உம்மாவிடம் நூல் கேட்டேன். சிவப்பு, வெள்ளை, பச்சை. எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நூலை வெட்டிக் கொடுத்தாள். ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். வேறு எதுவும் பேசவில்லை. உன் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

வலைக் கொட்டகையில் அண்ணாச்சியும் ரொசாரியும் இருந்தார்கள். ரொசாரியின் கை ஆறிவிட்டது, தோல் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். நூலை அறுத்தது, டேப் ஒட்டியது, வெந்நீரில் சாயா போட்டது, எல்லாம். ரொசாரி என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணாச்சி கையிலிருந்த வலையைக் கீழே போட்டார்.

"நீரு தப்பு பண்ணது போவட்டும் வே. அந்தப் பிள்ள பேரச் சொன்னீரே, அதத்தான் என்னால தாங்க முடியல," என்றார்.

பிறகு, அவள் செய்த வேலையென்றால் அவளே ஏன் வந்து மாட்டவில்லை என்று கேட்டார். பொம்பளைப்பிள்ளை படகில் ஏறக்கூடாது அல்லவா, உங்கள் வழக்கம் என்று இழுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்பம் வே அப்படிச் சொன்னேன்? தடை முடிஞ்சா எம் பொண்டாட்டிதான் மொதல்ல ஏறி மெழுகுவத்தி ஏத்துதா. பத்து வருசமா பாக்கீரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் மகளே. சில வருடம் அந்த மெழுகுவத்தி அணையாமல் இருக்க நானே கையை வைத்து மறைத்து நின்றிருக்கிறேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக உன்னிடம் சொன்னேன். ஏனென்றால் நீ ஒரு தடவை அந்தப் படகில் ஏறிவிட்டால், மறுநாளிலிருந்து எல்லாரும் உன்னைத்தான் கேட்பார்கள், என்னைக் கேட்கமாட்டார்கள். எனக்குப் பொறாமை. பெற்ற மகள் மேல் ஒரு வாப்பாவுக்குப் பொறாமை வரலாமா என்றால் வரக்கூடாது. வந்தது. அதை வழக்கம் என்றும் மரியாதை என்றும் சொல்லி உன் தலையில் கட்டினேன்.

கையோடு கொண்டுபோன மூன்று சென்சாரையும் படகில் திரும்ப மாட்டினேன், இப்போது இஞ்சின் புதுசு. இந்தத் தடவை நூலோடு. டேப்பைத்தான் நீ சுரண்டிவிட்டாயே, எது எது என்று எனக்குத் தெரியாது அல்லவா, ஒவ்வொன்றாக வெந்நீர் ஊற்றித் திரையில் எந்தப் பெயருக்கு நேரே ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து நிறம் கட்டினேன். திரைக்கு முன்னால் நின்று பார்த்துச் சொன்னது ரொசாரி, எங்கோ போய்விட்டு அவனாகவே வந்து நின்றான். இஞ்சின் ஏறுது பாய், இப்பம் ஐஸு ஏறுது, பேட்டரி ஏறுது என்று மூன்று தடவை சொன்னான். நீ கொடுத்த நம்பரில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. மாற்ற எதுவும் இல்லை, பாயில் வைத்து நீ செய்தது அன்றைக்கே சரியாக இருந்தது. பிடுங்கிப் போட்ட மணியின் வயரை ரொசாரி தன் கையாலேயே திரும்ப மாட்டினான். சீட்டில் பூஜ்யத்துக்கு அடியில் நீ இரண்டு கோடு போட்டிருந்ததையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். வாப்பா இங்கேதான் சறுக்குவார் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

வேண்டாம் என்ற அந்த இரண்டு பேரிடமும் அண்ணாச்சியே பேசியிருக்கிறார். நானும் போய்ச் சொன்னேன், யார் தப்பு என்று. உன் நம்பரை அண்ணாச்சிக்குக் கொடுத்திருக்கிறேன், கூப்பிடுவார், எடு. அடுத்த தடைக்காலத்தில் அவருடைய இரண்டாவது படகுக்கு நீ வந்து செய்து தர வேண்டும் என்கிறார். உன் வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. கொச்சியில் தினமும் படகில் ஏறுகிறாய், உம்மாவுக்கு அனுப்பிய படத்தில் பார்த்தேன், தொப்பி கோணலாக இருக்கிறது, அதைச் சரி பண்ணு. அங்கே உன் பெயரை யாரும் தொடமாட்டார்கள் என்றால் அங்கேயே இரு. லீவு போட்டு நாலு நாள் வர முடியுமென்றால் வா. திரைக்கு முன்னால் நீ நில். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு இஞ்சினுக்குள்ளே குனிவது நான். ஊற்று என்று நீ சொன்னால் ஊற்றுவேன், போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கமாட்டேன்.

வர முடியாது என்றால் முடியாது என்று எழுது. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது, திட்ட வேண்டுமென்றால் நாலு பக்கம் திட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிப்பேன். 'ம்' என்று மட்டும் அனுப்பாதே.